எரிகிற எண்ணெயில் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'அவருடைய பேச்சு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆகிவிட்டது.' இந்த வாக்கியமோ இதன் சாயலில் இன்னொன்றோ உங்கள் நாளிதழில் இடம்பெறாத வாரம் அரிது. இரண்டு கட்சிகள் மோதிக்கொண்டாலும், இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டாலும், ஒரு குடும்பத்துத் தகராறு நீதிமன்றப் படியேறினாலும் செய்தி எழுதுபவரின் கைக்கு முதலில் வருவது இந்தத் தொடர்தான். நான் தீயணைப்புத் துறையில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். எரிகிற தீயையும் எண்ணெயையும் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே என் பணிக்காலம் கழிந்தது. இந்தத் தொடரை நீங்கள் கைவிட வேண்டும் என்று கேட்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த தொடர் அது. ஆனால் அதில் பாதிதான் அச்சில் ஏறுகிறது. விட்டுப்போகும் பாதியால் நிறையப் பேர் தப்பித்துக்கொள்கிறார்கள் என்பதே என் வருத்தம்.

நேர்ப்பொருளிலிருந்து தொடங்குகிறேன். எண்ணெய் என்றாலே நெருப்புக்குத் தீனி என்று நினைக்கிறோம். அடுப்பில் ஏறாத, ஆறிக் கிடக்கிற சமையல் எண்ணெயில் எரியும் தீக்குச்சி விழுந்தால் குச்சிதான் அணையும். பயிற்சிக்கு வருகிற இளைஞர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். எரிவது எண்ணெயில்லை, எண்ணெயிலிருந்து எழுகிற ஆவி. பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி எழ ஒவ்வோர் எண்ணெய்க்கும் ஒரு சூடு வேண்டும். பெட்ரோலுக்கு அது சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ். அதனால்தான் எவ்வளவு குளிரான இரவிலும் அதற்கு ஒரு பொறி போதும். மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 40 டிகிரி, டீசலுக்கு 50-க்கு மேல். சமையல் எண்ணெய்களில் பலவற்றுக்கு 300 டிகிரியை ஒட்டி வருகிறது. இன்னும் சூடேறி 350 டிகிரியைத் தாண்டிப் போனால், பக்கத்தில் தீயே இல்லாமல் தானாகவே பற்றிக்கொள்ளும்.

சண்டைக்கும் இது பொருந்துகிறது என்பதைப் பணியில் இருந்த காலத்திலேயே நான் கவனித்திருக்கிறேன். ஒரு சொல்லைச் சாதாரண நாளில் சொன்னால் அது விழுந்த இடத்திலேயே அணைந்து போகிறது. அதே சொல்லை, அதே ஆள், ஏற்கெனவே காய்ந்து கிடக்கிற மனிதரிடம் சொன்னால் வீடு பற்றிக்கொள்கிறது. 'நான் என்ன பெரிதாகச் சொல்லிவிட்டேன்?' என்று சொன்னவர் கேட்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கும், சொல் சிறியதுதான். எதிரில் இருந்தவர் எவ்வளவு நாளாகக் காய்ந்துகொண்டிருந்தார் என்பதை அவர் தொட்டுப் பார்க்கவில்லை. பெட்ரோலைப் போன்ற மனிதர்களும் உண்டு. அவர்களிடம் எந்தப் பருவத்திலும் பேச்சில் பொறி பறக்கக்கூடாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியதால் பெரிதான விபத்துகளைவிட, எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றியதால் பெரிதான விபத்துகளைத்தான் வீடுகளில் நான் அதிகம் பார்த்தேன். வேண்டுமென்றே எண்ணெய் ஊற்றுபவன் அபூர்வம். தண்ணீர் ஊற்ற ஓடி வருபவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் நல்லவர்கள்.

ஒரு வீட்டுச் சமையலறை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தபோது தொலைபேசி மணி அடித்திருக்கிறது. அந்த அம்மா பேசிவிட்டுத் திரும்பிய நேரத்தில் வாணலியில் ஒரு முழ உயரத்துக்குத் தீ. கல்லூரியில் படிக்கும் மகன் ஓடி வந்து பாத்திரம் நிறையத் தண்ணீரை எடுத்து அப்படியே ஊற்றிவிட்டான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அடுப்புக்கு நேர் மேலே கூரையில் வட்டமாகக் கரி அப்பியிருந்தது. அலமாரிக் கதவில் பெயின்ட் கொப்பளித்து உரிந்து தொங்கியது. எதிர்ச்சுவரில், அடுப்பிலிருந்து அத்தனை தூரத்தில், எண்ணெய் தெறித்த இடமெல்லாம் மிளகளவுப் புள்ளிகளாகக் கருகியிருந்தன. சன்னல் திரை இருந்த கம்பியில் வளையங்கள் மட்டும் மிச்சம். பையனுக்கு முன்கைகளிலும் கழுத்திலும் தீப்புண். வலியைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. 'தண்ணீர்தானே சார் ஊற்றினேன், தண்ணீர்தானே ஊற்றினேன்' என்று ஆம்புலன்ஸ் வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தான்.

நடந்தது இதுதான். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது, அதனால் அடியில் போகிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அங்கே இருக்கிற எண்ணெயோ அதைப்போல் மூன்று நான்கு மடங்கு சூட்டில் இருக்கிறது. அடியில் போன தண்ணீர் கண்ணிமைக்கும் நேரத்தில் நீராவியாகிறது. தண்ணீர் நீராவியானால் சுமார் 1,700 மடங்கு விரியும். ஒரு டம்ளர் தண்ணீர் எவ்வளவு இடத்தை அடைக்கப் பார்க்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த விரிவு மேலே இருக்கிற எண்ணெயை மொத்தமாகத் தூக்கி நுண்துளிகளாக வீசுகிறது. வாணலியில் இருந்தவரை மேற்பரப்பு மட்டுமே காற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. இப்போது ஒவ்வொரு துளியையும் காற்று சூழ்ந்துகொள்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில் பற்றி நெருப்புப் பந்தாகக் கூரைக்குப் போகிறது.

இந்தப் பையனைப் போலவே ஒருவரை எங்கள் உறவிலும் எனக்குத் தெரியும். என் பெரியப்பா மகன்கள் இருவர். பெரியம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் பார்த்துக்கொண்டது, யார் பார்த்துக்கொள்ளவில்லை என்பதில் இருவருக்கும் மனத்தாங்கல். சின்னவர்தான் இரவும் பகலும் கூட இருந்தவர். அவர் யாரிடமும் வாய்விட்டு எதுவும் பேசியதில்லை. எல்லோரும் கூடியிருந்த ஒரு நாளில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எங்கள் சித்தப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து, தோளில் கை வைத்து, 'போகட்டும் விடப்பா, இதெல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதானே' என்றார். அவ்வளவுதான். அதுவரை வாய் திறக்காத மனிதர் எழுந்து நின்று, 'நான் பட்டது எல்லார் வீட்டிலும் நடப்பதா?' என்று தொடங்கியவர், அண்ணனை மட்டும் விட்டுவைக்கவில்லை, அங்கே இருந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டார். மருத்துவமனையில் ஒரு வேளைகூட மாற்றிவிட வராதவர்கள் யார் யார் என்பதெல்லாம் வெளியே வந்தது. அண்ணன் தம்பிக்குள் இருந்த ஒரு கசப்பு அன்று மாலைக்குள் நான்கு குடும்பங்களுக்குள் வந்துவிட்டது. சித்தப்பா சமாதானத்துக்குத்தான் போனார். அவர் மனத்தில் ஒரு துளி விஷம் இல்லை. அவரைச் சுட்டுவதற்கு நம் தொடரில் இடமே கிடையாது.

'இதற்குப் போயா சண்டை', 'மறந்துவிடு', 'நீதான் விட்டுக்கொடுக்க வேண்டும்', 'இரண்டு பேர் மேலும் தப்பு இருக்கிறது'. தண்ணீரைப் போலத் தெளிவான, குளிர்ந்த சொற்கள். மரமோ துணியோ எரிகிறபோது தண்ணீர்தான் கைகண்ட மருந்து. எரிவது எது என்று பார்க்காமல் ஊற்றியதில்தான் கேடு வந்தது. எங்கள் துறையில் தீயை அணைப்பதற்கு முன்னால் அதை வகைப்படுத்துவோம். மரம், தாள், துணி எரிந்தால் ஒரு வகை. பெட்ரோல் போன்ற திரவங்கள் இன்னொரு வகை. வாயு, உலோகம், சமையல் எண்ணெய் ஒவ்வொன்றும் தனித்தனி. மக்னீசியம் எரிகிற இடத்தில் தண்ணீரைக் கொண்டுபோனால் அது தண்ணீரையே உடைத்து ஹைட்ரஜனை வெளியேற்றி எரியும். சண்டையை விலக்க வருகிறவர் மட்டும் எந்தத் தீக்கும் ஒரே குடத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்.

எண்ணெய்த் தீயை அடக்க என்ன வழி? அடுப்பை நிறுத்த வேண்டும். பொருத்தமான மூடியால் மூட வேண்டும். காற்று இல்லாமல் தீ அடங்கும். இங்கேதான் பலர் அவசரப்படுவார்கள். அணைந்ததா என்று பார்க்க மூடியைத் திறப்பார்கள். தீ அடங்கியிருக்கும், சூடு அடங்கியிருக்காது. காற்று உள்ளே போன மறுகணம் மறுபடி பற்றும். பெரிய சமையற்கூடங்களில் இப்போது பொட்டாசியம் உப்புகள் கரைந்த ஒரு திரவத்தைப் பீய்ச்சுகிற அணைப்பான்களை வைக்கிறார்கள். அந்தத் திரவம் சூடான எண்ணெயோடு வினைபுரிந்து மேற்பரப்பைச் சோப்பு நுரைப் படலமாக மாற்றிவிடும். எண்ணெய் தானே தனக்கு மூடியாகிவிடுகிறது. முதல்முறை செய்முறையில் பார்த்தபோது நான் அசந்து நின்றேன்.

சின்னவரை அன்று இரவே எங்கள் அத்தை தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. 'முதலிலிருந்து சொல்லு, எனக்குத் தெரியாது' என்று மட்டும் கேட்டாராம். அவர் சொல்லச் சொல்ல இடையில் பேசாமல் கேட்டிருக்கிறார். அடுத்தடுத்த நாட்களிலும் அதே கதையை அவர் மறுபடி சொன்னபோது மறுபடி கேட்டிருக்கிறார். அண்ணனைப் பார்க்கச் சொல்லி ஒருநாளும் வற்புறுத்தவில்லை. 'எரிவதை இழுத்தால் கொதிப்பது அடங்கும்' என்று நம் முன்னோர் சொன்னதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. எங்கள் துறைப் பாடத்தில் இதே முறைக்குத் தனி அத்தியாயம் உண்டு: எரிபொருளை விலக்குதல், குழாயின் வால்வை மூடுதல், பக்கத்துக் கட்டைகளை நகர்த்துதல். பழமொழி அத்தனையையும் நான்கு சொல்லில் சொல்லிவிட்டது.

தப்பித்துக்கொள்கிற இன்னொரு கூட்டம் வேடிக்கை பார்க்கிறவர்கள். தீக்கு எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன் மூன்றும் வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அது 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான பொருட்கள் கொழுந்துவிட்டு எரியாது. பார்க்க யாரும் இல்லாத இடத்தில் எத்தனை சண்டைகள் தாமாகவே மூச்சடங்கிப் போகின்றன! கூட்டம் கூடிவிட்டால் இருவரும் பின்வாங்க முடியாது. 'ஊதிப் பெரிதாக்குவது' என்று தமிழில் சரியாகத்தான் சொல்கிறோம். 'குளிர் காய்வது' என்றும் சொல்கிறோம். தான் ஒரு சுள்ளிகூடப் போடாமல், அடுத்தவர் வீடு எரிகிற வெப்பத்தில் கையைச் சூடாக்கிக்கொள்பவரைக் குறிக்க இதைவிடக் கூர்மையான தொடர் ஏது? கைபேசியில் வந்த வசையை 'பாருங்கள், இப்படிப் பேசுகிறார்கள்' என்று வருத்த முகத்தோடு நூறு பேருக்கு அனுப்புகிறவர் எண்ணெய் ஊற்றவில்லைதான். காற்றை ஊதினார்.

வேடிக்கை பார்ப்பது ஆபத்தில்லாத வேலை என்ற எண்ணமும் தவறு. 1982 டிசம்பர் 19 அன்று வெனிசுவேலாவில், தலைநகர் காரகாஸுக்கு அருகே டகோவா என்ற கடலோர மின்நிலையத்தில் எரியெண்ணெய்த் தொட்டி ஒன்று விடியற்காலையில் வெடித்துப் பற்றியது. பிறகு மணிக்கணக்கில் தொட்டிக்குள்ளேயே எரிந்துகொண்டிருந்தது. பரவவில்லை. தீயணைப்பு வீரர்கள், அதிகாரிகள், செய்தியாளர்கள், சுற்றுவட்டாரத்து மக்கள் என்று கூட்டம் சேர்ந்தது. தொட்டியின் மேலே எரியும்போது அந்தச் சூடு எண்ணெயின் வழியாக மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட தொட்டிகளின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். நண்பகல் கடந்து சூடு அந்த அடித்தண்ணீரைத் தொட்டது. அது ஒரே நொடியில் ஆவியாகப் பொங்க, எரிகிற எண்ணெய் முழுவதும் தொட்டியை விட்டு எழுந்து சுற்றி நின்றவர்கள்மேல் விழுந்தது. 150-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அவர்களில் தீயை அணைக்க வந்தவர்களும் உண்டு, படம் எடுக்க வந்தவர்களும் உண்டு, சும்மா பார்க்க வந்தவர்களும் உண்டு. எங்கள் துறையில் எண்ணெய்த் தொட்டித் தீயைப் பற்றிப் படிக்கிறவர்கள் இந்தப் பெயரைக் கடக்காமல் போக முடியாது.

வள்ளுவர் 306-ஆம் குறளில் சினத்துக்கு நெருப்பின் பெயரையே வைத்துச் 'சேர்ந்தாரைக் கொல்லி' என்றார். அது இனம் என்னும் ஏமப் புணையையும் சுடும் என்றார். சினந்தவனை மட்டும் அது கொல்வதில்லை. கரையேற்ற வேண்டிய தெப்பமே எரிகிறது, கூடவே அதில் இருக்கிற எல்லோரும்.

நம் தொடரில் எனக்கு உறுத்துகிற இன்னொரு சொல் 'எரிகிற'. தீ ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது, எண்ணெய் ஊற்றியவர் இன்னார் என்று செய்தி முடிந்துவிடுகிறது. வைத்தது யார்? எதில் பற்றியது? தீயை அணைத்த பிறகு நாங்கள் செய்கிற முக்கியமான வேலை தொடங்கிய இடத்தைத் தேடுவதுதான். குறைவாக எரிந்த பக்கத்திலிருந்து அதிகமாக எரிந்த பக்கத்துக்கு ஒவ்வோர் அடியாகப் போவோம். சுவரில் கரி பல இடங்களில் மேலே விரிந்து கீழே குறுகி ஒரு கூம்பு போலப் படிந்திருக்கும். அதன் நுனி எங்கே இறங்குகிறது என்று பார்ப்போம். உயரத்தில் கொழுந்துவிட்ட இடத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பதுதான் முதல் பாடம். பெரும்பாலும் நுனி போய் நிற்கிற இடத்தில் ஒரு தளர்ந்த மின்கம்பி இணைப்போ, கவனிப்பார் இல்லாமல் சூடேறிக் கிடந்த ஏதோ ஒரு சிறு பொருளோதான் இருக்கும். மோதல் செய்திகளிலும் மிகக் காட்டமாகப் பேசியவரின் படம்தான் பெரிதாக வருகிறது. நான் பார்த்தவரை தீ தொடங்கிய இடத்தில் அவர் இருப்பதில்லை.

அணைந்த பிறகு என்ன என்பதும் உங்கள் பக்கங்களில் வருவதில்லை. தாள் கட்டுகள் அடுக்கிய ஒரு கிடங்கில் நாங்கள் தீயை அடக்கியபோது புகைகூட நின்றுவிட்டது. எங்கள் மேலதிகாரி வண்டியை எடுக்க விடவில்லை. ஒவ்வொரு கட்டாகக் கொக்கியால் இழுத்துப் பிரிக்கச் சொன்னார். வெளியே ஈரமாக, சாம்பல் நிறத்தில், தொட்டால் சில்லென்று இருந்த கட்டைப் பிளந்தால் உள்ளே நடுவில் செக்கச் சிவந்த கனல். சாம்பல் சூட்டை வெளியே விடாது, காற்றையும் கொஞ்சமாகவே உள்ளே விடும். அப்படியே நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். ஒரு காற்று அடித்தால் போதும். 'நீறு பூத்த நெருப்பு' என்று எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது அப்படி ஒரு கட்டைப் பிளந்து பார்த்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பேச்சுவார்த்தை முடிந்தது, இயல்புநிலை திரும்பியது என்று செய்தி வந்த மறுநாளே அந்த இடத்துக்கு யாரும் போவதில்லை. வெப்பப் படக்கருவி எங்களுக்கு வந்தது பிற்காலத்தில்தான். அதற்கு முன் புறங்கையை அருகில் கொண்டுபோய்த்தான் தெரிந்துகொள்வோம். பக்கத்தில் போகாமல் அது தெரியாது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் வேண்டுவது இவ்வளவுதான். ஒருவர் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார் என்று எழுதும்போது, அது எப்படிப் பற்றியது என்பதையும் அதே செய்தியில் இரண்டு வரியாவது எழுதச் சொல்லுங்கள். அவர் பேசியதை அப்படியே தலைப்பில் கொட்டாதீர்கள். தலைப்பை மட்டும் படித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்புகிறவர்களே அதிகம். சமாதானம் பேசப் போனவர்களைப் பற்றி எழுதினால், அவர்கள் யார் சொன்னதைக் கேட்டார்கள், யாரை வாய்திறக்க விடாமல் அமர்த்தினார்கள் என்பதையும் எழுதுங்கள். அடங்கிவிட்டது என்று செய்தி போட்ட இடத்துக்குச் சில வாரம் கழித்து ஒரு நிருபரை மறுபடி அனுப்புங்கள்.

உள்பக்கத்தில் ஒரு சிறு கட்டம் போட இடம் இருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாணலியில் தீப்பிடித்தால் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடாதீர்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். கை எட்டினால் அடுப்பை நிறுத்துங்கள். வாணலியைவிடப் பெரிய உலோக மூடியையோ தட்டையோ உங்கள் பக்கத்திலிருந்து முன்னோக்கிச் சரித்து மூடுங்கள். நன்றாக ஆறும்வரை திறக்காதீர்கள். மூட முடியாத அளவுக்குத் தீ எழுந்துவிட்டால் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியேறி, தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற தீயணைப்பு நிலைய அலுவலர்